கோடு நெளிந்தால் கையா, டேப்லெட்டா, கரண்டா?

அல்சூரிலிருந்து

போன மாதம் முழுக்க என் கைதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் பேப்பரில் வரைந்த கை. லேப்டாப்பில் சொருகி, அதற்கான பேனாவால் திரை மேலேயே வரைகிற 13 இன்ச் டேப்லெட் ஒன்றை நண்பர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வேகமாக இழுத்தால் கோடு ஒழுங்காக வருகிறது, ஸ்கேல் வைத்து மெதுவாக, சாய்வாக இழுத்தால் மட்டும் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிகிறது. டிரைவரை, அதாவது டேப்லெட்டை ஓட்டுகிற மென்பொருளை, மூன்று தடவை நீக்கிவிட்டுப் போட்டேன். பேனா முனையில் இருக்கும் நிப்பை மாற்றினேன். கம்பெனிக்கு மெயில் போட்டால் டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில், சரி என்று நான்காவது தடவையும் செய்தேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, டேப்லெட் லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிற வகை, அதனால் அதுவும் அணையவில்லை. இருட்டில் வேறு வேலையில்லாமல் ஒரு கோடு இழுத்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. இன்னொன்று, அதுவும் நேர். கரண்ட் வந்ததும் பாம்பும் வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினேன், போனது. சொருகினேன், வந்தது. லேப்டாப்பின் உலோக மூடியில் விரலை மெல்ல ஓட்டினால் சுர்ரென்று ஒரு கூச்சம் இருக்கும், லேப்டாப் என்றால் இப்படித்தான் என்று வருஷக்கணக்கில் விட்டிருந்தேன். தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன், தர்மபுரிப் பக்கத்துக்காரர், போர்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, மேல இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல. அழகுக்கு வெச்சிருக்காங்க." எர்த் கிடையாது. வீட்டில் பிரிட்ஜ் பிளக்குக்கு மட்டும் எர்த் இழுத்திருக்கிறார்கள்.

இது ஏன் கோட்டைப் பாதிக்கிறது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டரியே கிடையாது. டேப்லெட் பலகைக்குள் வரிசையாக இருக்கும் கம்பிச் சுருள்கள் ஒரு காந்தப்புலத்தை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் குட்டிச் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது, அந்தப் பதிலின் பலத்தை வைத்துத்தான் நிப் எங்கே இருக்கிறது என்று பலகை கணக்குப் போடுகிறது. ரொம்ப மெல்லிய சிக்னல். எர்த் இல்லாத சார்ஜரின் மின் இரைச்சல் அதில் கலந்தால் கணக்கு கொஞ்சம் தள்ளாடும். வேகமாக இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு தள்ளாட்டமும் பதிவாகும். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவான சாய்வுக் கோட்டில் கொஞ்சம் நெளிவு நல்ல டேப்லெட்டிலும் இருக்கும், பூஜ்யமாகாது. என்னுடையதில் இருந்தது அந்தக் கொஞ்சம் இல்லை.

இப்போது ஒரு வாரமாகச் சமையலறையில் பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வரைகிறேன். திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போய், கடைசியில் வேறு ஏதோ காரணம் என்று கண்டுபிடித்தவர்கள் இங்கே கண்டிப்பாக இருப்பீர்கள், எழுதுங்கள்.

மடிவாளாவிலிருந்து

நம்ம கதை ரொம்பச் சின்னது அண்ணா, ஆனால் மானம் போன கதை. பிஜியில் இருக்கிறேன், மேஜை என்று ஒன்று இருக்கிறது, அதில் லேப்டாப் வைத்தால் டம்ளர் வைக்க இடமில்லை. அதனால் திரையில்லாத டேப்லெட்டில் வாகாம் கம்பெனியின் சின்ன சைஸ், வரைகிற இடம் 152க்கு 95 மில்லிமீட்டர், அதை வாங்கினேன். ரூமில் நன்றாகத்தான் வரைந்தது. ஆபீஸில் பொங்கல் வாழ்த்து அட்டைக்குச் சிக்குக் கோலம் போடச் சொன்னார்கள், அங்கே எனக்கு இரண்டு மானிட்டர். வட்டம் போட்டால் முட்டை. கோலமே யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. டேப்லெட் பழுது என்று டீம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால் அந்தச் சின்னப் பலகையின் அகலம் முழுவதும் இரண்டு மானிட்டருக்கும் சேர்த்து விரிந்திருந்தது. டிரைவரில் மேப்பிங் என்று ஒரு பக்கம் உண்டு, அதில் ஒரே ஒரு மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, விகிதத்தைக் காப்பாற்றும் பெட்டியில் டிக் போட்டேன், வட்டம் வட்டமானது. பலகை 16:10, மானிட்டர் 16:9 என்பதால் டிக் போட்டதும் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் போலச் சும்மா கிடக்கும், கிடக்கட்டும்.

ஆனால் சைஸ் விஷயத்தில் நான் செய்தது தப்புதான். 27 இன்ச் மானிட்டரில் வரையும்போது பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் பாய்கிறது. மணிக்கட்டால் மட்டுமே வரைகிறோம், தோள் வேலையே செய்வதில்லை, நீளமான வளைவுகள் எல்லாம் பிசிறு தட்டுகின்றன. லேப்டாப் திரை மட்டும் என்றால் சின்னது போதும். பெரிய மானிட்டர் இருந்தால் 216க்கு 135 பக்கம் போங்கள், மேஜையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து

காலேஜில் இரண்டாம் வருஷம். ஹுயான் கம்பெனியின் எச்640பி டேப்லெட், அண்ணன் கொடுத்தது, கேபிள் மட்டும் தொலைந்துவிட்டது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் சிக்பேட்டை மூன்றாவது ஸ்டாப், அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு நடந்துவிடலாம். தள்ளுவண்டியில் மைக்ரோ யூஎஸ்பி ஒன்று வாங்கி வந்து சொருகினேன். விளக்கு எரிந்தது, பேனா செத்துக் கிடந்தது. விளக்கு எரிகிறதே, அப்போ கேபிள் சரி, டேப்லெட்தான் போச்சு என்று முடிவு கட்டினேன். யூடியூபில் பார்த்துப் பலகையைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வரை எடுத்தாயிற்று.

நல்லவேளை, அதற்கு முன்னால் அதே கேபிளில் போனைச் சொருகி லேப்டாப்பில் போட்டோ தெரிகிறதா பார்த்தேன். சார்ஜ் மட்டும் ஏறுகிறது, போட்டோ வரவில்லை. உள்ளே கரண்டுக்கான இரண்டு ஒயர்தான், டேட்டா ஒயர் இரண்டும் இல்லை. மறுபடி எஸ்.பி. ரோடு போய் இந்தத் தடவை கடையாகப் பார்த்து நுழைந்தேன், கேபிள் என்று வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே "டேட்டாவா, சார்ஜிங்கா?" அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஃப்ரேசர் டவுனிலிருந்து

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன், கூடவே தலைப்பு எழுத்துகளும் கையால்தான். என் பிரச்சினை கொஞ்சம் விசித்திரம், தமிழ் எழுதுகிறவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். புது டேப்லெட், வேறு கம்பெனி. "அம்மா" என்று எழுதினால் "அமமா" என்று வருகிறது. புள்ளி விழவில்லை. நிறுத்தி, யோசித்து, அழுத்தி வைத்தால் விழுகிறது, எழுதுகிற ஓட்டத்தில் டக்கென்று வைத்தால் இல்லை. அது போதாதென்று போட்டோஷாப்பில் அழுத்தமும் போய்விட்டது, எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன். க்ரிட்டா என்ற இன்னொரு வரையும் மென்பொருளில் அழுத்தம் வருகிறது.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், டிரைவருக்குள்ளேயே இருக்கும் அழுத்தச் சோதனைப் பெட்டியில் முதலில் கிறுக்கிப் பார்த்தது. அங்கே பட்டை அழகாக ஏறி இறங்கியது. அப்படியென்றால் பேனாவும் பலகையும் நன்றாக இருக்கின்றன, குழப்பம் கம்ப்யூட்டருக்குள்ளே. அங்கேயும் ஏறவில்லை என்றால்தான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகணும்.

உள்ளே பார்த்தால் பழைய கம்பெனியின் டிரைவர் அப்படியே குடியிருக்கிறது. பலகையை விற்று ஆறு மாதம் ஆகிவிட்டது, டிரைவர் வீட்டைக் காலி செய்யவில்லை. இரண்டும் விண்டேப் என்ற ஒரே கதவு வழியாகத்தான் மென்பொருளோடு பேசும், ஒன்றின் கோப்பு இருக்கும் இடத்தில் இன்னொன்றின் கோப்பு நின்றால் அழுத்தம் வராது. இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை மட்டும் போட்டேன். விண்டோஸ் இங்க் என்று இன்னொரு கதவும் உண்டு. டிரைவரில் அதைப் போட்டு வைத்தால் மென்பொருளிலும் அதையே போடணும், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்றால் இதே கூத்துதான். க்ரிட்டாவில் செட்டிங்ஸுக்குள் டேப்லெட் பக்கத்தில் இரண்டில் எது என்று நாமே தேர்வு செய்யலாம், அதனால்தான் அது தப்பித்தது.

புள்ளி? பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்று விண்டோஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, நிப் பட்டதும் சின்ன வளையம் ஒன்று சுற்றுமே, அதுதான். இது கோடா, கிளிக்கா என்று அது யோசித்து முடிப்பதற்குள் நான் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போயிருப்பேன். கண்ட்ரோல் பேனலில் பேனா பக்கம் போய் அதை அணைத்தேன். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமன் என்று டிரைவரில் காட்டும் அழுத்த வளைவின் ஆரம்பத்தையும் கொஞ்சம் மென்மையாக்கினேன். இப்போது மெய்யெழுத்தெல்லாம் மெய்யெழுத்தாகவே இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 8192 அழுத்த நிலை, 16384 அழுத்த நிலை என்று பெட்டியில் பெரிசாகப் போட்டிருப்பார்கள். அது 2இன் 13ஆம் அடுக்கும் 14ஆம் அடுக்கும், அவ்வளவுதான். 2048 உள்ள பழைய பலகையில் நான் ஒரு முழுப் புத்தகம் முடித்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு ஆரம்பிக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும், அதைப் பெட்டியில் போடுகிறவர்கள் குறைவு. கடையில் டெமோ இருந்தால் மயிலிறகால் தொடுவது போல ஒரு "ழ்" எழுதிப் பாருங்கள், சுழியின் தொடக்கமும் மேலே அந்தப் புள்ளியும் விழுந்தால் போதும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு பழைய டிரைவரை இப்போதுதான் நீக்கினேன், நன்றி. என் பங்குக்கு: திரை டேப்லெட் வாங்கினேன், ஒரே டைப் சி கேபிளில் எல்லாம் நடக்கும் என்று விளம்பரம். என் லேப்டாப்பில் டைப் சி ஓட்டை இருக்கிறது, சொருகினேன், திரை கறுப்பு. எல்லா டைப் சியும் படம் அனுப்பாது, டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ள ஓட்டை மட்டும்தான் அனுப்பும், என்னுடையது சார்ஜும் டேட்டாவும் மட்டும். ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், எனக்கே தெரியவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் பெட்டிக்குள் கிடந்த மூன்று தலை கேபிளை எடுத்து, எச்டிஎம்ஐ ஒன்று, யூஎஸ்பி இரண்டு, சொருகினேன். வேலை செய்கிறது, மேஜை ஆலமர விழுது மாதிரி இருக்கிறது.

மேக் வைத்திருக்கும் என் மனைவிக்கு வேறு தொல்லை, கர்சர் நகர்கிறது, கோடு விழவில்லை. ப்ரைவசி பக்கத்தில் அக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுத்ததும் சரியானது. பெரிய சிஸ்டம் அப்டேட் வந்தால் அந்த இரண்டையும் திரும்ப ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.

அல்சூரிலிருந்து மறுபடியும்

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்கணும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். பலகையை விடப் பேனாவைப் பாருங்கள். நிப் படாமல் அந்தரத்தில் பிடித்திருக்கும்போதே கோடு விழுந்தால் உள்ளே அழுத்த உணரி சிக்கிக்கொண்டிருக்கிறது, பேனா ஒரு தடவையாவது தலைகுப்புற விழுந்திருக்கும், இல்லையென்றால் நிப் கீழே இருக்கும்படி டம்ளரில் போட்டு வைத்திருப்பார்கள். நிப்பைக் கழற்றி மாட்டினால் சில சமயம் சரியாகும், சரியாகாவிட்டால் புதுப் பேனாதான், அந்த மாடலுக்குப் பேனா இன்னும் விற்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு பலகையின் பேனா இன்னொரு பலகைக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. காந்தம் வைத்த போன் கவரைப் பலகை மேல் வைத்துக்கொண்டு கர்சர் துள்ளுகிறது என்று திட்டாதீர்கள், நான் திட்டியிருக்கிறேன்.

எர்த் விஷயம் என்ன ஆனது என்று மடிவாளாத் தம்பி கேட்டிருந்தார். ஹவுஸ் ஓனரிடம் பேசினேன். "இத்தனை வருஷம் யாரும் கேட்கலியே, படம் வரையறதுக்கு எதுக்கு எர்த்து?" என்றார். அவர் விரலைப் பிடித்து லேப்டாப் மூடியில் ஓட்டிக் காட்டினேன். செலவில் பாதி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை தர்மபுரிக்காரர் வருகிறார். அதுவரை பிரிட்ஜ் பக்கத்து ஸ்டூல்தான், காலையில் தோசை வார்க்கிற நேரத்தில் மட்டும் இடத்தைக் காலி செய்து கொடுக்கணும்.