நெப்ராஸ்கா விதவை ஏன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுறா? கதைக்கு யோசனை வேணும்

பட்டர்வொர்த் மல்லி:
வணக்கம். தொடர்கதை ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன். இடம் அமெரிக்காவுல நெப்ராஸ்கா, வருஷம் 1872. நாயகி விதவை, ஆறு வயசுல ஒரு பொண்ணு. குடியேறிப் பயிர் வைக்கிறவங்களுக்கு அரசாங்க நிலம் தர்றதுக்காக 1862-ல லிங்கன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டத்துல 160 ஏக்கர் கேட்டுப் பதிஞ்சிருக்கா. புருஷன்கூட வாழறவளுக்குத் தன் பேர்ல கேட்க வழியில்ல. விதவைக்கும் கல்யாணமாகாதவளுக்கும் உண்டு. அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் வெச்சாத்தான் பட்டா.

பக்கத்து நிலத்துக்காரனும் 160 ஏக்கர் எடுத்தவன். மூணாவது அத்தியாயத்துலயே ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. நான் எழுதுறதை முதல்ல படிக்கிற அக்கா, "பிடிச்சிருந்தா கட்டிக்க வேண்டியதுதானே, ஏன் சவ்வு மாதிரி இழுக்குறே?"ன்னு கேட்டுட்டாங்க. வில்லன், சீக்கு, பழைய காதலி எதுவும் வேணாம். வேற என்ன தடை வைக்கலாம்?

இன்னொண்ணு, அந்தப் புல்வெளியில மரமே இல்ல. அடுப்பு எதுல எரிஞ்சது?

செந்தூல்காரன்:
துப்பாக்கி இல்லாத கௌபாய் கதையா? நான் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த ஆளு, நாலு பக்கத்துக்கு ஒரு டுமீல் வேணும் லா. வில்லன் வேணாம்னா வெட்டுக்கிளியை இறக்குங்க. 1874 கோடையில நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கமெல்லாம் வானத்தை மறைச்சுக்கிட்டு வந்துச்சு. பயிரோட விடல, துணிமணி, மண்வெட்டிப் பிடி வரைக்கும் கடிச்சு வெச்சிருக்கு.

அடுப்புக்குக் காட்டெருமைச் சாணம், காய்ஞ்சது. அதுவும் கிடைக்கலைன்னா வைக்கோலை முறுக்கி முறுக்கிப் போடுவாங்க. அவன் ஒரு கூடை வரட்டியை அவ வாசல்ல வெச்சிட்டுப் பேசாம போறான்னு எழுதுங்களேன். பூங்கொத்தெல்லாம் எதுக்கு?

பிரிக்பீல்ட்ஸ் ராஜி:
மல்லி, தடை சட்டத்துலயே இருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு வீட்டுல குடியிருக்கிறதா கணக்குக் காட்ட முடியாது. கட்டிக்கிட்டா ஒருத்தர் நிலத்தை விடணும். யாரை விடச் சொல்வாங்கன்னு தெரியாதா?

அவனை உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையில மூணு வருஷம் இருந்தவனா ஆக்கிடுங்க. 1872 சட்டப்படி அந்தக் காலத்தை அஞ்சு வருஷத்துல கழிச்சுக்கலாம். அவனுக்கு 1874-ல முடிஞ்சிடும், அவளுக்கு 1877. நடுவுல இருக்கிற மூணு வருஷம்தான் உங்க கதை. ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டினா முன்னாடியே வாங்கிக்கலாம். ஆனா வெட்டுக்கிளி தின்ன வருஷத்துல 200 டாலருக்கு அவ எங்க போவா?

"என் நிலம்தான் இருக்கே, வந்துடு"ன்னு அவன் நல்ல மனசோடயே கேட்கட்டும். அவ வீடோ புல்லோட வெட்டின மண்கட்டியை அடுக்கிக் கட்டினது. மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து சேறு சொட்டும். மண்ணும் பாம்பும் சோத்துல விழாம இருக்க மேலே துணி கட்டியிருப்பா. அதை விட்டு வரமாட்டேன்னு அவ சொல்ற இடத்தை அவசரமா எழுதிடாதீங்க. எங்க பாட்டி தோட்டத்து லயத்துல இருந்தவங்க. தாத்தா செத்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு அவ பிடிவாதம் நல்லாவே புரியுது.

பட்டர்வொர்த் மல்லி:
ராஜிக்கா, இது போதும்! வெட்டுக்கிளி போன மறுவாரமே அவன் வந்து கேட்கட்டும். வயல் மொட்டை, மாவு டப்பா காலி, பொண்ணு பசியில அழுதுக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல வேணாம்னு சொன்னாத்தான் அக்காவும் நம்புவாங்க. செந்தூல் அண்ணே, உங்க டுமீலுக்கு ஒரு புல்வெளிக் கோழியைச் சுட வைக்கிறேன்.