பத்தாவது முடித்த பையன்: ஐடிஐயா, பட்டறையா?

வைகைக்கரை: அக்கா பையன் பத்தாவது முடித்துவிட்டான். வண்டி வேலைதான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். தெரிந்த பட்டறையில் இப்போதே சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். எது நல்லது?

பட்டறைக்காரன்: பட்டறைதான். ஐடிஐ முடித்து என்னிடம் வரும் பையன்களுக்கு டேப்பெட் இடைவெளி, அதாவது இன்ஜின் வால்வுக்கு விட வேண்டிய சிறு இடைவெளி, எவ்வளவு என்று தெரிகிறது. ஆனால் அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உள்ளே விட்டு இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டுமே, அந்தப் பிடி கைக்குத் தெரியவில்லை. அது தினமும் வண்டி பிரித்தால்தான் வரும்.

கோவை டெக்னீஷியன்: அண்ணே, அது பெட்ரோலையும் காற்றையும் கார்ப்பரேட்டர் கலந்துகொடுத்த காலம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்த பிறகு புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே சென்சார் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். சென்சாருக்கு ஐந்து வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கவும், வயரிங் படத்தைப் படிக்கவும் பட்டறையில் யார் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்?

பட்டறைக்காரன்: வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் என்னிடமும் இருக்கிறது தம்பி. போன மாதம் ஒரு கார் வந்தது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது. வேறொரு இடத்தில் புது சென்சாரே மாட்டிவிட்டார்கள், ஒரு வாரத்தில் மறுபடி இன்ஜின் எச்சரிக்கை லைட் எரிந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் இணைப்பை அடைக்கிற எக்ஸாஸ்ட் கேஸ்கட் ஓரத்தில் கரித்தடம். அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போனதால்தான் சென்சார் தப்பாகக் காட்டியிருக்கிறது. கண்டுபிடித்தது காது, ஸ்கேனர் இல்லை.

கோவை டெக்னீஷியன்: காற்று போனால் சென்சார் ஏன் தப்பாகக் காட்டும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே தேடினீர்கள். அந்தக் காரணத்தைச் சொல்லித்தர எத்தனை ஓனர்களுக்கு நேரம் இருக்கிறது? பல இடங்களில் முதல் வருடம் முழுக்க டீ வாங்குவதும் பாகம் கழுவுவதும்தான். சான்றிதழ் இருந்தால் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு கம்பெனியில் பயிற்சிக்குப் போகலாம்.

செல்விஅக்கா: என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே பட்டறைக்குப் போனவர். கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. கை ஒடிந்து வீட்டில் கிடந்தபோது ஒரு ரூபாய் வரவில்லை. பையனைப் படிக்க வையுங்கள்.

பட்டறைக்காரன்: அக்கா சொல்வது நியாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்ற நிற்கிறவன் வருடக்கணக்கில் ஆயில்தான் மாற்றுகிறான். கோளாறு பார்க்கும் வேலை சீனியர் கைக்குப் போய்விடும். அங்கே இருந்து வந்து தனியாகக் கடை போடுவது லேசில் நடக்காது.

வைகைக்கரை: சரி, ஐடிஐயில் சேர்த்துவிட்டு லீவு நாளில் பட்டறைக்கு அனுப்பினால்?

கோவை டெக்னீஷியன்: தாராளமாக. மின்சார காரிலும் அவன் கை வைக்க வேண்டிவரும். அதில் பேட்டரி முந்நூறு வோல்ட்டுக்கு மேல் போகும். இணைப்பைத் துண்டிக்காமல் அந்த மின்சாரம் போகும் ஆரஞ்சு வயரைக் கழற்றினால் உயிரே போகலாம். அதைப் பார்த்துப் பழகுவோம் என்று விட முடியாது.

பட்டறைக்காரன்: அனுப்புங்கள், அந்தப் பட்டறையில் கற்றுத்தருகிறார்களா என்று நானே பார்க்கிறேன். ஆனால் ஃபீஸ் கட்டும் முன் அந்த ஐடிஐ ஒர்க்‌ஷாப்புக்குள் ஒருமுறை போய்வாருங்கள். பிஎஸ்-6 இன்ஜின் நிற்கிறதா, ஸ்கேனரைப் பையன்கள் கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பழைய டீசல் இன்ஜினை வெட்டிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் வேறு ஐடிஐ தேடுங்கள்.