குடும்பக் குழுவில் ஒரு சிவப்புப் படம்

பெரியப்பா: (படம்) ‘நகரில் 52 டிகிரி! செயற்கைக்கோள் காட்டிய அதிர்ச்சி!’ இது உண்மையா கயல்? நேற்று செய்தியில் 39 என்றுதானே சொன்னார்கள்?

சித்தி: ஐயோ, ஊரே தீப்பிடித்த மாதிரி இருக்கிறதே!

கயல்: இரண்டுமே சரியாக இருக்கலாம் பெரியப்பா. செய்தியில் வருவது நிழலில் வைத்த கருவி அளக்கும் காற்றின் வெப்பம். செயற்கைக்கோள் பார்ப்பது தரை, கூரை, தார்ச்சாலை இவற்றின் மேற்பரப்பு வெப்பம். நல்ல வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரியைக்கூடத் தாண்டும். தலைப்பு வைத்தவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை போல.

மாமா: அது கிடக்கட்டும். எங்கள் குடோன்கள் இருக்கிற வரிசை முழுக்க நீலமாகத் தெரிகிறது. எல்லாம் புதுத் தகரக் கூரை. உள்ளே நின்றால் வெந்தே போவோம். உன் செயற்கைக்கோளை ஒரு நாள் அங்கே உட்கார வைக்க வேண்டும்.

கயல்: 😂 பளபளப்பான தகரம் எவ்வளவு சூடானாலும் வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளியே விடும் மாமா. கணக்குப் போடும்போது அதைச் சரிசெய்யாவிட்டால் படத்தில் குளிர்ச்சியாகத் தெரியும். வெள்ளையடித்த மாடி நீலமாக இருந்தால் நம்பலாம். தகரம் நீலமாக இருந்தால் நம்பாதீர்கள்.

பெரியப்பா: சரி, ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயல் ஏன் நடு நகரத்தைவிடச் சிவப்பாக இருக்கிறது? கட்டடம்தானே சூடு என்கிறீர்கள்?

கயல்: அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரிப் படம் எடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே கடந்து போவது காலை 10 மணி வாக்கில். அதற்குள் காய்ந்த வெறும் மண் மளமளவென்று சூடேறிவிடும். கான்கிரீட் மெதுவாகத்தான் ஏறும், உயரக் கட்டடங்களின் நிழலும் தெருவில் விழும். நகரத்தின் குணம் தெரிய இரவுப் படம் வேண்டும். 2002இல் ஏவிய அக்வா என்ற செயற்கைக்கோளில் மோடிஸ் என்று ஒரு கருவி, அது நள்ளிரவு தாண்டி 1.30 மணி வாக்கில் எடுத்த படங்கள் பல வருடங்களுக்கு இருக்கின்றன. அதில் வயல் ஆறிப்போயிருக்கும், நகரம் மட்டும் ஆறாமல் நிற்கும். ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் என்பதால் தெருவையெல்லாம் தேட முடியாது.

சித்தி: அதுதான் ராத்திரி படுக்கப் போகும்போதும் சுவர் சுடுகிறதா!

கயல்: அதேதான் சித்தி. பகலில் வாங்கியதை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும்.

பெரியப்பா: முப்பது வருடத்தில் ஊர் எவ்வளவு பரவியது என்று பார்க்க முடியுமா?

கயல்: தாராளமாக. லேண்ட்சாட் 5 மட்டுமே 1984இல் போய் 2013 வரை உழைத்தது. 2008 முதல் லேண்ட்சாட் படங்கள் இலவசம். ஆனால் கோடைப் படத்தை எடுத்தால் வெறும் மண்ணையும் கட்டடத்தையும் கணினி குழப்பிக்கொள்ளும், பாதி வயல் வீடாகிவிடும். மழைக்குப் பிறகு வயல் பச்சையாக இருக்கும் மாதம்தான் தோது. எந்த வருடமானாலும் அதே மாதத்துப் படமாக இருக்க வேண்டும். அன்று மேகம் மூடியிருந்தால் போச்சு, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெரியப்பா: அப்படியே நம் மொட்டை மாடி எவ்வளவு சூடு என்றும் பார்த்துச் சொல்லிவிடு.

கயல்: முடியாதே பெரியப்பா. இப்போதைய லேண்ட்சாட் வெப்பக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். நம் மாடி, பக்கத்து வீட்டு மாடி, சாலை, மரம் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகத்தான் வரும்.

மாமா: அப்போ வெறுங்காலோடு ஏறிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

சித்தி: ஏறுவதுதான் ஏறுகிறாய் அண்ணா, காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு வா.