ஒரே காக்பிட்டில் ரெண்டு பேர்: ஜெனரேட்டர் சுவிட்ச் மட்டும் மச்சான் பக்கம் போக மாட்டேன் என்கிறது

திருவையாறு_டவர்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருவையாறு, மச்சான் மன்னார்குடி. ரெண்டு பேரிடமும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 (சிம்) இருக்கிறது, ரெண்டும் பிசிதான். ஒரே விமானத்தை நெட் வழியாக ரெண்டு பேர் ஓட்ட வைக்கும் யுவர்கண்ட்ரோல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஒரே காக்பிட்டில் உட்காருவோம். சிம்மோடு வரும் செஸ்னா 172 என்றால் ஒரு குறையும் இல்லை. திருச்சியில் கிழக்கு பார்த்த 09 ஓடுபாதையில் ஏறினால் மூக்கு நேராகத் தஞ்சாவூர் பக்கம்தான், வேறு வழி தேட வேண்டாம். நான் ஃப்ளாப் இறக்கினால் அவன் திரையிலும் இறங்கும்.

போன வாரம் ஆசைப்பட்டு ரெட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானம் ஒன்றை இறக்கினோம். ஒருவர் சும்மா செய்து கொடுத்த ஆட்-ஆன் (சிம்மில் தனியாகச் சேர்ப்பது), அதனால் பெயர் வேண்டாம். அதில்தான் தலைவலி.

பீக்கன், லேண்டிங் லைட், கியர், ஃப்ளாப் எல்லாம் போகிறது. ஜெனரேட்டர் சுவிட்ச் ரெண்டும் போகவில்லை. நான் ஆன் செய்கிறேன், என் பக்கம் எரிகிறது. அவன் பக்கம் அப்படியே ஆஃபில் கிடக்கிறது. ஒரு நாள் இதைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் அவன் பக்கம் பேட்டரி தீர்ந்து, திரை ஒவ்வொன்றாக அணைந்தது. "மாப்ள, எனக்கு எல்லாம் இருட்டா இருக்கு" என்கிறான். எனக்கோ எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

பார்க்கிங் பிரேக் இன்னும் மோசம். நான் எடுத்தால் அவன் பக்கம் போட்டுக்கொள்கிறது, நான் போட்டால் அவன் பக்கம் எடுத்துக்கொள்கிறது. இது போதாதென்று, அவன் எதையும் தொடாமல் இருக்கும்போதே என் த்ராட்டில் தடதடவென்று நடுங்குகிறது. அவன் ஜாய்ஸ்டிக் பழையது, கைமாறி வந்தது.

கேபிள் நெட்டில் போர்ட் திறக்கப் பார்த்தேன். தனி ஐபி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் வேறொரு சர்வர் வழியாக இணைக்கும் கிளவுட் ஹோஸ்டுக்கு மாற்றியதும் இணைப்பு பிடித்துக்கொண்டது. நண்பர் ஒருவர் "நெட் ஸ்லோவா இருக்கும்" என்கிறார். நெட்தான் காரணம் என்றால் ஃப்ளாப் மட்டும் எப்படிப் போகிறது?

---

குடமுருட்டி

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நெட்டை விட்டுவிடுங்கள்.

சிம்முக்கென்று சொந்தமாக வேரியபிள்கள் உண்டு, அதாவது ஒவ்வொன்றின் நிலையையும் குறித்து வைக்கும் பெயர்கள். பீக்கன், கியர், ஃப்ளாப் மாதிரி. அவை ஆற்றுத் தண்ணீர் போல, எல்லா விமானத்துக்கும் பொது. ஏ வேரியபிள் என்போம். விமானம் செய்தவர் தன் வசதிக்குத் தானே போட்டுக்கொள்வது எல் வேரியபிள். அது அவர் கொல்லையில் போட்ட போர். எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒழிய வெளியாளுக்குத் தெரியாது. உங்கள் ஜெனரேட்டர் சுவிட்ச் அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

யுவர்கண்ட்ரோல்ஸ் தானாக எதையும் கண்டுபிடிக்காது. விமானத்துக்கு ஒரு டெஃபனிஷன் ஃபைல், அதில் எழுதியிருப்பதை மட்டும் அனுப்பும். நீங்கள் வேறு விமானத்தின் ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறீர்களோ என்று சந்தேகம். பொதுவானவை போகும், மற்றவை நிற்கும். நீங்கள் சொல்வதும் அதுவேதான்.

பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆப்ஷனில் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே வரும் மெனுவில் டூல்ஸ், அதில் பிஹேவியர்ஸ். மவுஸை ஜெனரேட்டர் சுவிட்ச் மேல் வைத்து கண்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அமுக்குங்கள். அந்த சுவிட்ச் எந்த வேரியபிளைத் தொடுகிறது என்று ஜன்னலில் வரும். அதை எழுத்து மாறாமல் எடுத்து, ஃபைலில் ரெண்டு பேருடையதையும் அனுப்பும் ஷேர்டு பகுதியில் சேருங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு எல் வேரியபிள் பதிவை நகலெடுத்துப் பெயரை மாற்றினால் போதும்.

அது யாமல் என்ற வடிவில் எழுதிய டெக்ஸ்ட் ஃபைல். வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ்தான், டேப் கூடாது. நானே இதில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

பார்க்கிங் பிரேக் டாகிள் ஈவென்டில் (ஈவென்ட் என்றால் சிம்முக்குப் போகும் கட்டளை) ஓடுகிறது போலிருக்கிறது. டாகிள் என்பது "மாற்று" என்று மட்டும் சொல்லும், எதற்கு மாற்ற வேண்டும் என்று சொல்லாது. தொடங்கும்போதே ஒருவருக்குப் போட்டும் ஒருவருக்கு எடுத்தும் இருந்தால், கடைசிவரை எதிரும் புதிருமாகத்தான் போகும். மதிப்பை நேராக வைக்கும் செட் வகையைப் போடுங்கள். அதோடு ரெண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில், எல்லாம் அணைந்த நிலையில் தொடங்குங்கள். ஆட்-ஆன் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

---

கொள்ளிடக்கரை

த்ராட்டிலுக்கு நான் சொல்கிறேன். உங்கள் மச்சானின் ஜாய்ஸ்டிக்கில் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும். கை வைக்காவிட்டாலும் மதிப்பு மேலும் கீழும் ஆடும். சிம்முக்கு அது யாரோ த்ராட்டிலை அசைப்பதாகத் தெரியும். த்ராட்டில் பதிவு ஷேர்டு பகுதியில் இருந்தால் ரெண்டு பேருடையதும் போகும். மாஸ்டர் பகுதிக்கு மாற்றுங்கள், கண்ட்ரோல் யார் கையிலோ அவருடையது மட்டும் போகும். இன்னொன்று, த்ராட்டில் ஆக்சிஸ் இல்லாத காலி ப்ரொஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஓட்டாத நேரம் அவர் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

வானிலையையும் ஒன்றாக வையுங்கள். லைவ் வேண்டாம், ரெண்டு பேரும் சிம்மில் தயாராக இருக்கும் ஒரே ப்ரீசெட் வானிலை. காற்றழுத்தம் வேறுபட்டால் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் ஆளுக்கொரு அளவு காட்டும், அப்புறம் வீண் சண்டை.

---

திருவையாறு_டவர்

குடமுருட்டி அண்ணே, கொள்ளிடக்கரை அண்ணே, ரெண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

அண்ணன் சொன்னது சரி. வேறொரு விமானத்தின் ஃபைலைத்தான் வைத்திருந்தேன். பெயரில் டர்போப்ராப் என்று இருந்ததால் ஒத்துப்போகும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் ரெண்டும் எல் வேரியபிள்தான். இடது பக்கத்தை எழுதியதும் போய்விட்டது. வலது போகவில்லை. ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகு தெரிந்தது, நான் பெயரில் ஒரு அடிக்கோட்டை விட்டிருக்கிறேன். டேப் கதையும் நடந்தது. எச்சரித்தும் செய்தேன், திட்டாதீர்கள்.

பிரேக்கை செட்டுக்கு மாற்றினேன், த்ராட்டிலை மாஸ்டருக்குத் தள்ளினேன். நடுக்கம் நின்றது.

ஒன்று மட்டும் பாக்கி. நடு ஸ்க்ரீனில் பக்கம் மாற்றும் பொத்தான். பிஹேவியர்ஸ் ஜன்னலில் எல் எதுவும் வரவில்லை, எச் என்று தொடங்கும் ஒன்று வருகிறது.

---

குடமுருட்டி

அது எச் ஈவென்ட். ஸ்க்ரீனுக்குப் போகும் கட்டளை, அவ்வளவுதான். அதற்கு ஆன், ஆஃப் என்று நிலை கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. அமுக்கியதையே அனுப்ப வேண்டும். அந்தப் பதிவு வேறு மாதிரி எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து சொல்கிறேன். அதுவரை மைக்கில் சொல்லி ரெண்டு பேரும் தனித்தனியாக அமுக்குங்கள்.

---

திருவையாறு_டவர்

சரி அண்ணே. அவசரம் இல்லை.

நேற்று தஞ்சாவூர் தாண்டி திருச்சி 27 ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது மச்சான். கியர் போட்ட நேரம் பார்த்து அவன் ஊரில் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், விட்டால் திரும்ப எப்போது வருமோ. "கண்ட்ரோல் உனக்கு" என்று மாற்றிவிட்டு மோட்டார் போட ஓடினான். அவன் த்ராட்டில் அப்படியே கிடந்தது, என் பக்கம் ஒரு சின்ன அசைவு இல்லை. இறக்கி, ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு ஜெனரேட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி கழித்துச் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தான். "பிரேக் போட்டிருக்கா பாரு" என்றேன். போட்டிருந்தது.