கமியோகாண்டே தரவில் ஏழு விநாடி மௌனம்: இரண்டாவது அலையா?

வால்வெள்ளி:
எஸ்என் 1987ஏ சூப்பர்நோவாவின் (விண்மீன் வெடிப்பு) நியூட்ரினோ பட்டியலை, அதாவது அதிலிருந்து வந்து கருவிகளில் சிக்கிய நுண்துகள்களின் பட்டியலை வைத்து அலசிக்கொண்டிருக்கிறேன். 1987 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் நிலத்தடி நீர்த்தொட்டிக் கருவியான கமியோகாண்டேயில் முதல் ஒன்பது நிகழ்வுகளும் இரண்டு விநாடிக்குள் வந்துவிட்டன. ஒன்பதாவது 1.915 விநாடியில். அப்புறம் 9.219 வரை எதுவுமே இல்லை, பிறகு மூன்று. ஹிஸ்டோகிராமில் (நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணி வரைந்த பட்டை வரைபடம்) இரண்டு மேடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மையக்கருவில் பிறகு வேறு ஏதோ மாற்றம் நடந்து இரண்டாவது அலை கிளம்பியது என்று எழுதலாமா?

அரைவட்டம்:
பன்னிரண்டு புள்ளிக்கு ஹிஸ்டோகிராமா! கட்ட அகலத்தை மாற்றிப் பாருங்கள், மேடும் மாறும்.

நீர்த்தொட்டி:
நீர் செரென்கோவ் தரவோடுதான் (நீரில் வேகமாகப் பாயும் துகள் விடும் ஒளியைப் பிடிக்கும் கருவிகள்) என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எழுத வேண்டாம். அதே வெடிப்பை அமெரிக்காவின் நீர்த்தொட்டிக் கருவியான ஐஎம்பி-யும் பார்த்தது: எட்டு நிகழ்வுகள். அதன் முதல் நிகழ்வையும் பூஜ்ஜியமாக வைத்தால், கடைசி மூன்றும் 2.684, 5.010, 5.582 விநாடிகளில் விழுகின்றன. உங்கள் மௌனத்துக்கு நட்டநடுவே! ரஷ்யாவின் பக்ஸான் கருவியின் ஐந்து நிகழ்வுகளில் ஒன்றும் 7.687-இல் இருக்கிறது. மூலத்தில் ஓட்டம் நின்றிருந்தால் இவை எங்கிருந்து வந்தன?

ஹிஸ்டோகிராமை விட்டுவிட்டு, நிகழ்வு நிகழ்வாக லைக்லிஹுட் (மாதிரி சரியென்றால் இந்தத் தரவு கிடைக்கும் வாய்ப்பு) எழுதுங்கள். ஒவ்வொரு நிகழ்வின் நேரத்திலும் ஆற்றலிலும் எதிர்பார்க்கும் வீதத்தைப் பெருக்கி, மொத்த எதிர்பார்ப்பின் எதிர்மறை அடுக்குக்குறியால் பெருக்க வேண்டும். எதுவும் வராத ஏழு விநாடிக்கும் அந்தக் கடைசிக் காரணியில் கணக்கு இருக்கிறது. குளிர்ந்துகொண்டே போகும் எளிய மாதிரி ஒன்றைப் பொருத்திவிட்டு, இவ்வளவு நீள இடைவெளி எத்தனை முறை தானாக வருகிறது என்று போலித் தரவு உருவாக்கிப் பாருங்கள்.

கருவியின் திறனைச் சேர்க்க மறக்காதீர்கள். ஐஎம்பி சுமார் 20 எம்இவி-க்குக் (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) கீழே கிட்டத்தட்ட குருடு, கமியோகாண்டே சுமார் 7.5 எம்இவி வரை கீழிறங்கிப் பார்த்தது. அதன் கடைசி மூன்றும் 8.6, 13.0, 8.9 எம்இவி. குளிர்ந்துவரும் விண்மீனுக்குப் பொருந்தும்தான், ஆனால் பின்னணி இரைச்சல் குவிவதும் இந்தக் கீழ்க்கோடியில்தான். அதனால் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் பின்னணி வீதத்தையும் சேருங்கள். கமியோகாண்டேயின் ஆறாவது நிகழ்வு 6.3 எம்இவி மட்டுமே, பலர் மொத்தம் பதினொன்று என்று எழுதுவது அதை விட்டுவிட்டு எண்ணுவதால்தான்.

வால்வெள்ளி:
சரி, ஐஎம்பி-யைச் சேர்க்கிறேன். இரண்டின் முதல் நிகழ்வும் ஒரே கணத்தில் வந்ததாக வைத்துக்கொள்ளலாமா?

நீர்த்தொட்டி:
கூடாது. நான் மேலே பூஜ்ஜியம் வைத்தது கண்பார்வைக்கு மட்டும். ஐஎம்பி கடிகாரம் 50 மில்லிவிநாடிக்குள் சரி. கமியோகாண்டேயினுடையது ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். அதைவிட முக்கியம், முதலில் சிக்கிய நியூட்ரினோதான் முதலில் வந்து சேர்ந்தது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கருவிக்கு ஒரு நேர விலக்கம் என்று தனித்தனி அளபுருவாக விட்டு, அவற்றின் சாத்தியமான எல்லா மதிப்புகளின் மேலும் தொகையிட்டுவிடுங்கள். பக்ஸானுக்கும் அப்படியே.