2011 ஏப்ரல் டொர்னேடோத் தொடரை எந்தப் பெயரால் அழைப்பது?

கார்முகில்:
2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை அமெரிக்காவின் தென்பகுதியைச் சிதைத்த டொர்னேடோத் தொடரை, அதாவது அடுத்தடுத்துத் தாக்கிய கடும் சுழற்காற்றுகளை, ‘2011 சூப்பர் அவுட்பிரேக்’ (மாபெரும் டொர்னேடோத் தொடர்) என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் தாக்கிய நிகழ்வுக்கே ‘சூப்பர் அவுட்பிரேக்’ என்னும் பெயர் உரியது. 2011இல் ஏறத்தாழ 360 பதிவாயின என்பது உண்மைதான். ஆனால் அவை நான்கு நாட்களில் தோன்றியவை. அதோடு 1974இல் மேகத்துக்குள் காற்று சுழல்வதைக் காட்டும் டாப்ளர் ரேடார் வலையமைப்பு இல்லாததால், ஆளில்லாத வெளிகளில் சில நிமிடங்களே சுழன்று அடங்கிய வலுக்குறைந்த டொர்னேடோக்கள் பல கணக்கில் சேராமலே போயிருக்கும். கணக்கெடுக்கும் முறை மாறிய பின் கூடிய எண்ணிக்கையைக் காட்டி ஒரு பெயருக்குப் பங்கு கேட்பது முறையல்ல. தேதிகளையே பெயராக வைத்தால் போதும்.

தெற்குவாசல்:
எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டே பேசுவோம். ஏப்ரல் 27 அன்று மட்டும் நான்கு டொர்னேடோக்கள், சேதத்தைக் கொண்டு டொர்னேடோவின் வலிமையை மதிப்பிடும் மேம்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலின் உச்சமான இஎஃப்5 தரத்தை எட்டின. அந்தத் தரம் இடிந்த கட்டடங்களை நேரில் ஆய்ந்து தரப்படுவது. ரேடார்கள் பெருகியதால் கூடுவதன்று. எச்சரிக்கை முறைகள் அவ்வளவு வளர்ந்திருந்தும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1974இன் உயிரிழப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். நீங்கள் சொல்வதுபோல் நான்கு நாட்களின் தேதிகளையும் சேர்த்துப் பெயரிட்டால் 27ஆம் தேதியின் கொடுமை மற்ற நாட்களோடு கலந்து மங்கிவிடாதா?

வானோக்கி:
மிகுதியாகப் பாதிக்கப்பட்ட தென் மாநிலமான அலபாமாவில் பலரும் அதை ‘ஏப்ரல் 27’ என்றே சொல்கிறார்கள். ஊர்ப்பெயரால் அழைப்பதில்தான் எனக்கு அச்சம். அன்றைய நிகழ்வை அம்மாநிலத்தின் டஸ்கலூசா நகரத்தின் பெயரால் நினைவுகூர்பவர்கள் உண்டு. அங்கிருந்து அதே மாநிலத்தின் பர்மிங்காம் வரை சென்ற டொர்னேடோவில் 64 பேர் இறந்தனர். ஆனால் ஹேக்கல்பர்க், ஃபில் கேம்ப்பெல் என்னும் சிற்றூர்களைத் தாக்கிய டொர்னேடோ 72 உயிர்களைக் கொண்டுபோனது. ஒரு நகரத்தின் பெயரை முழு நிகழ்வுக்கும் வைத்தால், கூடுதலாக இழந்தவர்கள் பேச்சிலிருந்தே மறைந்துபோவார்கள். பெயரிடுவதில் அவசரமும் ஆகாது. 2021 டிசம்பர் 10 அன்று ஆர்கன்சாஸ் முதல் கென்டக்கி வரை நீண்ட அழிவை ஒரே டொர்னேடோவின் வேலையாகக் கருதி ‘நான்கு மாநில டொர்னேடோ’ என்ற பெயர் பரவியது. கள ஆய்விலோ அவை இரண்டு வெவ்வேறு டொர்னேடோக்கள் என்று தெரிந்தது.

கார்முகில்:
வானோக்கி சொல்லும் ‘ஏப்ரல் 27’ எனக்கு உடன்பாடே, ஆண்டையும் சேர்த்து எழுதினால். அதில் எந்த ஊரும் விடுபடவில்லை, 1974இன் பெயரையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தெற்குவாசல்:
அந்த நாளை மட்டும் குறிப்பதற்கு அது போதும். ஆனால் 1974ஐயும் 2011ஐயும் ஒப்பிட்டு, இத்தகைய நாள் எந்த வளிமண்டலச் சூழலில் உருவாகிறது என்று ஆராய்வோருக்கு இரண்டையும் ஒரே வகையில் சேர்க்கும் பெயர் வேண்டும். ஆண்டை முன்னால் வைத்து ‘1974 சூப்பர் அவுட்பிரேக்’, ‘2011 சூப்பர் அவுட்பிரேக்’ என்று எழுதுவதால் முன்னதற்கு எந்தக் குறைவும் நேரவில்லை என்பதே என் நிலைப்பாடு.