புதுப்பிப்பு: பென்சில்வேனியா மருத்துவக் கஞ்சா அட்டை கிடைத்துவிட்டது

மருத்துவத் தேவைக்காகக் கஞ்சா வாங்க அனுமதிக்கும் இந்த அட்டைக்காகப் பதிந்தபோது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சுகாதாரத் துறையின் நோயாளர் பதிவேட்டில் என் விவரங்கள் ஏன் பொருந்தவில்லை என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பெயரும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியதுதான் பலித்தது, ஏனெனில் வீடு மாறிய பிறகு உரிமத்திலுள்ள முகவரியை மாற்ற நான் மறந்திருந்தேன். அதைத் திருத்தி, மீண்டும் பதிந்து, திட்டத்தில் பதிவுபெற்ற மருத்துவரிடம் சான்று வாங்கி, 50 டாலர் செலுத்தியதும் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெறுவோருக்கு இக்கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவருக்கான தொகையைக் காப்பீடு ஏற்காது என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை (அட்டையைவிட அதுவே அதிகம்). இன்னொன்று: இம்மாநிலத்தின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கஞ்சாச் சட்டம் புகைப்பதைத் தடை செய்வதால், 2018 முதல் விற்கப்படும் உலர் கஞ்சா இலையையும் ஆவியாக்கியே உள்ளிழுக்க வேண்டும்.